பிரஷரால் 31 வாரத்தில் பிறந்த என் மகள்: எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள், எடை 1,080 கிராம். காரணம் எனக்கு வந்த பிரீஎக்லாம்சியா. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வொன்றையும் தொட ஆரம்பிக்கும் நோய் அது. உலகம் முழுவதும் 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு வருகிறது. அவ்வளவு பேருக்கு வரும் நோயைப் பற்றி, எனக்கு வரும்வரை நான் ஒரு வார்த்தை கேள்விப்பட்டதில்லை. பிரஷர் ஏறினால் அம்மாவுக்கு ஆபத்து என்பது மட்டும் தெரியும். அது குழந்தையின் நுரையீரல், குடல், கண், ரத்தம் என்று எங்கெல்லாம் போய் நிற்கும், அதில் எதைத் தடுக்கலாம், எதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதையெல்லாம் என்ஐசியு (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசலில் நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன். கணவருக்கு வெளியூரில் வேலை. இருந்த விடுப்பையெல்லாம் போட்டு வந்துபோனார். பெரும்பாலான நாட்களில் டாக்டர் சொல்வதைக் கேட்டு, புரிந்துகொண்டு, கையெழுத்துப் போட்டது நான் ஒருத்திதான். நான் மருத்துவர் இல்லை. இங்கே எழுதுவது எனக்கு நடந்ததும், சிகிச்சை கொடுத்தவர்களிடம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான். உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று இதைப் படித்த பிறகு தெரிந்தால் போதும்.

28 வாரம் வரை எல்லாம் சாதாரணமாகத்தான் போனது. அதற்கப்புறம் ஒரு வாரத்துக்குள் எடை விறுவிறுவென்று ஏறியது. காலையில் எழுந்தால் கண் இமைகள் வீங்கியிருக்கும், விரல்களை மடக்க முடியாது. கால் வீக்கம் எல்லாருக்கும் வருவதுதானே என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். கால் வீக்கம் நிறைய பேருக்கு வரும், உண்மைதான். ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கினால் அது வேறு கதை. கூடவே தலைவலி, பாராசிட்டமால் போட்டும் அடங்காத தலைவலி. வழக்கமாகப் போகும் இடத்தில் பிபி பார்த்தார்கள், 138/88. "டென்ஷனா இருக்கீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும் சோதனை அது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

எனவே எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, மேலே உள்ள எண் 140 அல்லது கீழே உள்ள எண் 90 தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம். 160 அல்லது 110 தொட்டால் அவசரம். மறுநாள் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அடங்காத தலைவலி, கண்முன் மின்னுவது அல்லது மங்குவது, வலது விலா எலும்புக்குக் கீழே வலி, மூச்சு வாங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் எண் என்னவாக இருந்தாலும் போய்விட வேண்டும். அந்த விலா வலியைப் பலரும் அசிடிட்டி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். கல்லீரல் பாதிக்கப்படுவதாலும் அந்த வலி வரலாம். வீட்டில் பிபி மெஷின் வாங்கி வைப்பது நல்லது. கையில் மேல்புறம் கட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, பேசாமல் பார்க்க வேண்டும். பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். அந்தத் தாளைக் காட்டியபோதுதான் என்னை முதன்முறையாக ஒருவர் அக்கறையாக விசாரித்தார்.

மெஷின் வாங்கிய சில நாட்களிலேயே ஒரு சாயங்காலம் 150ஐத் தாண்டியது. விடிவதற்குள் கண்ணின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொறி பறக்க ஆரம்பித்தது. அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனபோது 170/112. சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ், அதாவது மிக அதிகம். உடனே அட்மிட் செய்து, பிரஷரைக் குறைக்க லேபெட்டலால் ஊசி போட்டார்கள். அதுவரை எனக்கு என்னைப் பற்றித்தான் பயம். ஸ்கேன் எடுத்த பிறகுதான் பயம் இடம் மாறியது. குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு அந்த வாரத்துக்கு இருக்க வேண்டிய அளவில் இல்லை. தொப்புள்கொடியில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரில், இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே ஓட்டம் நின்று நின்று போவதாகச் சொன்னார்கள்.

யாரும் எனக்குச் சொல்லாத முக்கியமான விஷயம் இதுதான்: பிரீஎக்லாம்சியா நஞ்சுக்கொடியிலிருந்து தொடங்கும் நோய். கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே நஞ்சுக்கொடி கருப்பையின் ரத்தக் குழாய்களை அகலமாக்கிக்கொள்ள வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. போதாமல் அது வெளியிடும் பொருட்கள் தாயின் ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன, பிரஷர் ஏறுகிறது. அதே நஞ்சுக்கொடியை நம்பித்தான் குழந்தையும் இருக்கிறது. நமக்குப் பிரஷர் தெரிவதற்கு முன்பே அது அரைவயிறாக இருக்க ஆரம்பித்திருக்கலாம். ஆக, இப்படிப் பிறக்கும் குழந்தைக்குப் பிரச்சினை இரண்டு பக்கமிருந்து வருகிறது. ஒன்று, சீக்கிரம் பிறந்தது. இன்னொன்று, உள்ளே இருந்தவரை போதுமான ஊட்டம் கிடைக்காதது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகுதான் டாக்டர்கள் பேசுவது எனக்குப் புரிய ஆரம்பித்தது. பிரஷர் மாத்திரை தாயின் மூளையைக் காப்பாற்றும், அவகாசம் வாங்கித் தரும், ஆனால் நோயைக் குணமாக்காது. நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் இறங்கும். அதனால்தான் ஒவ்வொரு நாளும், இன்னும் ஒரு நாள் வயிற்றில் வைத்திருப்பது நல்லதா, எடுத்துவிடுவது நல்லதா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நான் போன ஆஸ்பத்திரியில் அந்த அளவு குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் என்ஐசியு இல்லை. அட்மிஷன் போடும்போது யாரும் அதைச் சொல்லவில்லை. ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்ததும் ஆம்புலன்சில் வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்றார்கள். இரவுப் பணியில் இருந்த ஒரு இளம் டாக்டர் மட்டும் தனியாக வந்து, "போறதா இருந்தா குழந்தை வயித்துல இருக்கும்போதே போயிடுங்க மேடம்" என்றார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்து, முதல் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு, ஆம்புலன்சில் மாற்றினார்கள். கட்டிய முன்பணம் திரும்ப வரவில்லை, காகித வேலையில் அரை நாள் போனது. போகட்டும். மிகவும் சீக்கிரம் பிறக்கும் குழந்தைகள் நல்ல என்ஐசியு இருக்கும் இடத்திலேயே பிறந்தால் பிழைப்பதற்கும் பாதிப்பு இல்லாமல் இருப்பதற்கும் வாய்ப்பு கூடுதல். பிறந்த பிறகு ரோட்டில் கொண்டுபோவதில் உடல் சூடு குறையும், சர்க்கரை இறங்கும், மூச்சு தடுமாறும். பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்று முடிவெடுக்கும்போதே கேளுங்கள்: இங்கே என்ஐசியு உண்டா, எத்தனை வாரக் குழந்தை வரை பார்ப்பீர்கள், சுவாசக் கருவி உண்டா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்? பிரஷர் வந்தவர்கள் 28 வாரத்துக்குள் இதற்கெல்லாம் பதில் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு டோஸ், டெக்சாமெத்தசோன் என்றால் 12 மணிக்கு ஒன்றாக நான்கு. நமக்குப் போடும் ஊசிதான், ஆனால் வேலை செய்வது குழந்தையின் நுரையீரலில். 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் இதை முதன்முதலில் காட்டினார்கள். மூச்சுத்திணறல், மூளையில் ரத்தக்கசிவு, குடல் அழற்சி மூன்றையும் இது குறைக்கிறது. கடைசி டோஸ் போட்டு ஒரு நாள் கழிந்தால் முழுப் பலன், முடியாமல் போனாலும் ஓரளவு பலன் உண்டு. சில உறவினர்கள் ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் வேண்டாம் என்று போனில் சொன்னார்கள். நான் போட்டுக்கொண்டேன். இந்த மொத்தக் கதையிலும் என் மகளுக்கு அதிகம் உதவியது அதுதான் என்று நம்புகிறேன்.

அடுத்தது மெக்னீசியம் சல்பேட். உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி சூடு ஏறும், நாக்கு தடிக்கும், தலை தூக்க முடியாது. ஒரு நர்ஸ் அடிக்கடி வந்து முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டி, கால் உதறுகிறதா என்று பார்ப்பார், மூச்சை எண்ணுவார், சிறுநீர் அளவைக் குறிப்பார். மருந்து அளவு மீறினால் முதலில் போவது அந்த உதறல்தான் என்று அவர் சொன்ன பிறகு, அவர் வரத் தாமதமானால் நானே கூப்பிட்டேன். தாய்க்கு வலிப்பு வராமல் தடுக்கவே இதைப் போடுகிறார்கள். 2002இல் வெளியான மேக்பை என்ற பெரிய ஆய்வில், 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் வலிப்பு அபாயத்தை இது பாதிக்கும் கீழாகக் குறைத்தது தெரியவந்தது. சீக்கிரம் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பின்னாளில் உடல் அசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பையும் குறைக்கிறது. அந்தச் சூட்டைத் தாங்க எனக்கு அந்த இரண்டாவது காரணம்தான் உதவியது.

இரண்டாவது ஸ்டீராய்டு போட்டு ஒரு நாள் தாண்டியதும் எனக்குப் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைய ஆரம்பித்தது, சிசேரியன் செய்தார்கள். அவள் அழுத சத்தம் கேட்டது, மெல்லிய சத்தம். முகத்தைக் காட்டி உடனே கொண்டுபோய்விட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகும் மெக்னீசியம் ஒரு நாள் ஓடியதால் நான் ஒரு மாடியில், அவள் இன்னொரு மாடியில். போனில் யாரோ அனுப்பிய படத்தில்தான் பார்த்தேன். படத்தில் குழந்தையைவிட டேப்பும் ஒயரும்தான் தெரிந்தன. எனக்கு அன்பு பொங்கவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. இவள் பிழைக்காவிட்டால் என்னால் தாங்க முடியாது, அதனால் நெருங்காமல் இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. இதை அப்போது யாரிடமும் சொல்ல முடியவில்லை. பிறகு அதே வராந்தாவில் பல அம்மாக்கள் இதையே சொல்லிக் கேட்டேன். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் அது பாசமில்லாமை இல்லை. நாள்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் ஒட்டாமல் போனால் டாக்டரிடம் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

என்ஐசியுவில் முதல் வாரம் முழுக்க ரிப்போர்ட்டுகளின் வாரம். மூச்சுக்கு சிபாப் வைத்திருந்தார்கள், மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்து நுரையீரல் மூடாமல் வைத்திருக்கும் கருவி. மூச்சு மறந்து மறந்து போவதற்குக் கஃபீன் மருந்து. இவை சீக்கிரம் பிறந்ததற்கானவை. இன்னொரு பக்கம், உள்ளே பட்டினி கிடந்ததற்கானவை. உடம்பில் சேமிப்பு இல்லாததால் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருந்தது, குதிகாலில் குத்திக் குத்திப் பார்த்தார்கள். பிளேட்லெட் 80,000தான் இருந்தது, வெள்ளை அணுக்களும் குறைவு. நோய்த்தொற்றா, ரத்தப் புற்றா என்று நான் கண்டபடி பயந்துபோனேன். பிரீஎக்லாம்சியா தாய்மார்களின் குழந்தைகளுக்கு இது அடிக்கடி வருவது, உள்ளே ஆக்சிஜன் போதாதபோது எலும்பு மஜ்ஜை சிவப்பணு தயாரிப்பதில் இறங்கிவிடுகிறது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் விளக்கினார். அப்படியே ஆனது. அதே காரணத்தால் சில குழந்தைகளுக்கு ரத்தம் கெட்டியாகவும் இருக்கலாம். இந்த ஒரு விளக்கத்தை முன்பே யாராவது தந்திருந்தால் சில இரவுகளாவது தூங்கியிருப்பேன். ரிப்போர்ட் எதைப் பார்த்தாலும், "இது சீக்கிரம் பிறந்ததாலா, வளர்ச்சி குறைந்ததாலா, இல்லை புதிதாக வந்ததா" என்று கேளுங்கள். புதிதாக வந்தது என்றால்தான் உடனே கவலைப்பட வேண்டும்.

பிழைப்பாளா என்று முதல் நாளே கேட்டேன். நல்ல வசதியுள்ள என்ஐசியுக்களில் 31 வாரத்தில் பிறக்கும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் பிழைக்கிறார்கள். எடை குறைவு அந்தக் கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும். மூளை ரத்தக்கசிவு பற்றிக் கேட்டபோது, கருப்பையில் கிருமித் தொற்று ஏற்பட்டு அதே வாரத்தில் பிறக்கும் குழந்தைகளோடு ஒப்பிட்டால், பிரஷர் தாய்மார்களின் குழந்தைகளுக்கு அது அதிகமாக இருப்பதில்லை, சில ஆய்வுகளில் குறைவாகவே இருக்கிறது என்றார்கள். மாறாக நுரையீரலில் நாள்பட்ட பிரச்சினையும் குடல் பிரச்சினையும் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அதிகம். எது என் குழந்தைக்கு அதிக ஆபத்து, எது அவ்வளவு இல்லை என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பயந்துகொண்டு நாளை ஓட்ட முடியாது.

குடல்தான் எங்களுக்குப் பெரிய கவலை. தொப்புள்கொடியில் ஓட்டம் நின்ற குழந்தைகளுக்குக் குடலுக்கும் ரத்தம் குறைந்திருக்கும், பால் கொடுக்க ஆரம்பித்ததும் குடல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. அதற்கு இருக்கும் நல்ல பாதுகாப்பு தாய்ப்பால். பிறந்த சில மணி நேரத்திலேயே சீம்பாலைப் பிழிய ஆரம்பிக்க வேண்டும், அப்புறம் இரவையும் சேர்த்து நாளுக்கு எட்டு முறை. மெக்னீசியம் ஓடிக்கொண்டிருந்தபோது என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை, நானே கேட்டு நர்ஸ் உதவியோடு பிழிந்தேன். முதலில் வந்தது சிரிஞ்சின் நுனி நனையும் அளவுதான். அதைக்கூடக் கொட்டாமல் கொண்டுபோய் அவள் வாயின் உள்பக்கம் தடவினார்கள். பிறகு 1 மில்லி, 2 மில்லி. பிஸ்டனைக் கழற்றிய சிரிஞ்சை அவள் வயிற்றுக்குப் போகும் டியூப்போடு மாட்டி நர்ஸ் உயரத்தில் பிடித்திருப்பார், பால் மட்டம் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். நின்றுவிட்டால் அழுத்த மாட்டார், அவள் வயிறு இளகும்வரை காத்திருப்பார். வயிறு உப்பல், பச்சை நிறத்தில் திரும்பி வருவது, மலத்தில் ரத்தம், இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். எங்களுக்கு ஒருமுறை வயிறு உப்பி, பாலை நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று மறுபடி ஆரம்பித்தார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாமா என்று பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். லேபெட்டலால், நிஃபெடிபின், எனலாப்ரில் போன்றவை பால் கொடுக்கும் தாய்மாருக்கு வழக்கமாகக் கொடுப்பவைதான். நிறுத்துவதற்கு முன் கேளுங்கள்.

கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையை வெற்று மார்போடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பது. எடை கூடிய பிறகு செய்யலாம் என்று முதலில் சொன்னார்கள். 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைத்தபோது இறப்பு 25 சதவீதம் குறைந்தது என்று 2021இல் ஒரு ஆய்வு வந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2022இல் அப்படியே பரிந்துரைத்தது, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். சிபாப் இருந்தாலும் செய்யலாம். இதைப் பற்றிக் கேட்டதும் தலைமை டாக்டர் ஒத்துக்கொண்டார். அவள் என்மேல் கிடந்தபோது மானிட்டரில் மூச்சு நின்றதற்கான அலறல் குறைந்தது. அந்த அலறலைப் பற்றி ஒன்று சொல்கிறேன்: அனுபவமுள்ள நர்ஸ் முதலில் மானிட்டரைப் பார்ப்பதில்லை, குழந்தையின் உதட்டு நிறத்தைப் பார்க்கிறார். நானும் அப்படிப் பார்க்கப் பழகினேன்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். என் காப்பீட்டில் பிரசவத்துக்கு ஒரு வரம்பு இருந்தது, குழந்தையின் என்ஐசியு செலவு அதில் சேரவில்லை. கர்ப்பமாக இருக்கும்போதே பாலிசியில் பிறந்த நாளிலிருந்து குழந்தைக்குப் பாதுகாப்பு உண்டா என்று படித்துப் பாருங்கள். எங்கள் சேமிப்பு முழுவதும் போனது, கொஞ்சம் கடனும் ஆனது. மகப்பேறு விடுப்பில் பெரும்பகுதி ஆஸ்பத்திரியிலேயே கழிந்துவிட்டதால், அவளை வீட்டில் வைத்துப் பார்க்கச் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தேன். பில்லை வாரத்துக்கு ஒருமுறையாவது வரிவரியாகக் கேட்டு வாங்குங்கள். கட்ட முடியாத நிலை வருவதற்கு முன்பே சமூகப் பணியாளர் இருந்தால் அவரிடமோ நிர்வாகத்திடமோ பேசுங்கள், தவணையோ உதவியோ கிடைக்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆனால் முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கோட்டைவிடக் கூடாத முதல் விஷயம் கண். சீக்கிரம் பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரலாம், ஆர்ஓபி என்பார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறந்து 4 வாரத்தை ஒட்டி முதல் சோதனை, பிறகு விழித்திரை முழுதாக வளரும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முற்றினால் சில நாட்களுக்குள் லேசரோ ஊசியோ தேவைப்படும், தாமதித்தால் பார்வையே போகலாம். என் மகளுக்கு லேசாக வந்து தானாக அடங்கியது. டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த கண் சோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் வெளியே வராதீர்கள், எங்கள் தாளில் அது இல்லை, நான் கேட்டு எழுத வைத்தேன். அதேபோல் காது சோதனை, இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகள். தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில்தான், வாரத்தைக் கழிக்கக் கூடாது.

வளர்ச்சிக்கு மட்டும் வாரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். முழுக் கர்ப்பம் 40 வாரம் என்பதால், 31 வாரத்தில் பிறந்தவளின் வயதில் 9 வாரத்தைக் கழித்தால் வருவதுதான் திருத்திய வயது, 2 வயது வரை அதையே வைத்துக்கொள்வார்கள். இது தெரியாததால், "அவ வயசுக் குழந்தை உட்காருதே" என்று ஒவ்வொருவரும் கேட்கும்போது நான் நொறுங்கிப் போவேன். திருத்திய வயதில் அவள் நேரத்துக்குத்தான் உட்கார்ந்தாள், நடந்தாள். பேச்சு மட்டும் கொஞ்சம் தள்ளிப் போனது, சில மாதம் பயிற்சி கொடுத்தோம். இப்போது மூன்று வயது முடியப் போகிறது, வாய் ஓயவில்லை. எடை இன்னும் வளர்ச்சி வளைகோட்டின் கீழ்ப்பக்கம்தான், ஆனால் தன் கோட்டிலிருந்து விலகாமல் ஏறுகிறது. டாக்டர் பார்ப்பது அதைத்தான். இப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு வளர்ந்த பின் ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு என்பதால், மற்ற குழந்தைகளுக்குப் போல 3 வயதுவரை காத்திருக்காமல் அவளுக்கு முன்பிருந்தே பிபி பார்க்கிறார்கள்.

கடைசியாக அம்மாக்களுக்கு. குழந்தை என்ஐசியுவில் இருக்கும்போது நம் மாத்திரையை மறந்துவிடுவோம். பிரசவத்துக்குப் பிறகு 3 முதல் 6 நாட்களுக்குள்தான் பிரஷர் உச்சத்துக்குப் போகும், வலிப்பு 6 வாரம் வரைகூட வரலாம். தலைவலியோடு இன்குபேட்டர் பக்கத்தில் நிற்காதீர்கள், அங்கேயே யாரிடமாவது சொல்லிப் பிபி பாருங்கள். பிரீஎக்லாம்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே வருடம் ஒருமுறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த குழந்தை வேண்டும் என்றால், 34 வாரத்துக்கு முன் பிரசவமானவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத் திரும்ப வரலாம். குறைந்த அளவு ஆஸ்பிரின் அதைக் குறைக்கும். 2017இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில் அதிக ஆபத்துள்ள பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது 37 வாரத்துக்கு முன் வரும் பிரீஎக்லாம்சியா 62 சதவீதம் குறைந்தது. ஆனால் 12 வாரத்தை ஒட்டி, 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன், அதுவும் டாக்டர் சொன்ன பிறகு. அதனால் முதல் சந்திப்புக்கே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் குழந்தையின் பிறந்த வாரம், எடை, டாப்ளர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் மேஜைமேல் வைத்து, ஆஸ்பிரின் எப்போது ஆரம்பிக்கலாம் என்று நீங்களே கேளுங்கள்.